யா சாக்னார் டே

நவம்பர் 3, திங்கள்
கரண்ட் இல்லை. எங்கள் பேட்டை தின்கன்ஜூன் முழுவதும் இப்போது என் வழுக்கையின் வெளிச்சத்தில்தான் நடக்கிறது. படுக்கையில் இருக்கும் அக்கா ஜூடித் இரண்டு ஸ்பூன் கஞ்சியோடு போதும் என்றாள். அவள் மகள் ஜெசி ஸ்வீடனிலிருந்து குரல் அனுப்பியிருந்தாள், அந்த ஊர்ப் பாஷையில்: "யா சாக்னார் டே."

அக்கா கண் திறந்தாள். "யாரு சாகுறாராம்? பெத்தவளையே டேய்ங்கிறாளா?"

நான் சிரித்த சிரிப்பில் தூரத்து டவுனில் கியாக்டடா பேங்க் கண்ணாடியெல்லாம் உதிர்ந்திருக்கும். அவளும் சிரித்தாள்.

நவம்பர் 5
ஜெசி விளக்கினாள். "உன்னை நினைச்சு ஏங்குறேன்னு அர்த்தம் மாமா." அவள் புருஷன் ஐஸ்லாந்துக்காரன். அங்கேயும் ஏங்குவதற்கு 'சாக்னா'தானாம். ஸ்வீடனில் ஒன்று குறைந்தாலும், இல்லாமல் போனாலும் அதே சொல். அந்தச் சொல்லின் வேருக்கு வழக்காடுவது என்று அர்த்தமாம். அதற்கும் அடியில், தடம் பார்த்துத் தேடுவது.

தேடுவதா? மகா பண்டிதர் ஏசுரத்தினமாகிய நான் உடனே தீர்ப்பளித்தேன்: பிள்ளை அம்மாவைத் தேடுதுங்கிறோமே, அந்தத் தேடுதுதான். ஆயிரம் கப்பலில் வந்து நம்மிடம் திருடிப் போயிருக்கிறான்கள்.

நவம்பர் 9, ஞாயிறு
கோயிலுக்குப் போகவில்லை. கிறிஸ்துமஸ் வரை தாங்காது என்கிறார் டாக்டர். அக்கா சுவரைப் பார்த்தபடி, "பிள்ளையைத் தேடுதுடா" என்றாள்.

ஜெசி டிக்கெட் போடுகிறேன் என்கிறாள். வந்தால் இந்தப் பட்டாள ஆட்சியில் திரும்பப் போக விடுவார்களா? பக்கத்துத் தெரு மஞ்சுளாவின் மகள் ஏர்போர்ட்டில் தடுத்துத் திருப்பி அனுப்பப்பட்டவள், இன்னும் இங்கேதான் கிடக்கிறாள். வா என்றால் பாவி. வராதே என்றால் மகா பாவி. இதில் எனக்கு எது பட்டம்?

நவம்பர் 10
வராதேன்னு சொல்லிட்டேன்.

நவம்பர் 12
"அதைச் சொல்ல நீங்க யாரு மாமா?" — போனை வைத்துவிட்டாள். யாரு நான்? தெரியலையே.

அக்காவிடம், டிக்கெட் கிடைக்கலையாம் என்றேன். என் முகத்தைப் பார்த்தாள்.

"நீதானே வேணாம்னே?"

நான் அவள் போர்வையை இழுத்துச் சரிசெய்தேன்.

"யானை சைஸுக்குப் பொய் சொல்லுறவன் நீ. இது ரொம்பச் சின்னதா இருக்குடா." கையைத் தடவிக்கொடுத்தாள். "நல்லது பண்ணே. அங்கேயே இருக்கட்டும்."

பெரிய பொய்யாகவே சொல்லியிருக்கலாம்.

நவம்பர் 17
அக்காவுக்குத் தண்ணீர்கூட இறங்கவில்லை.

நவம்பர் 21, வெள்ளி
அடக்கம் முடிந்தது. ஜெசி போனில் பார்த்தாள். லைன் அறுந்து அறுந்து வந்தது. "குழிகிட்ட காட்டுங்க மாமா... இன்னும் கிட்ட" என்றாள். எல்லாரும் மண் போட்டார்கள். ஆடாமல் இருக்கணுமே என்று போனை இரண்டு கையாலும் பிடித்திருந்தேன். நான் போடவில்லை.