பெரில் ஆன்ட்டியின் ஒரு நிமிஷம்

அன்பு மகள் ஹெதருக்கு,

நான் நலம். முழங்கால் மட்டும் மழையை முன்கூட்டியே அறிவிக்கிறது, அதையும் நலத்தில் சேர்த்துக்கொள். சிலியில் இப்போது குளிர் தொடங்கியிருக்கும். காலுறை போடுகிறாயா?

உன்னிடம் ஆங்கிலம் படிக்கும் பிள்ளைகள் 'பாப் இன்' என்றால் என்னவென்று கேட்டார்கள், அகராதியில் 'சிறிது நேரம் வந்து போவது' என்றிருக்கிறது, போதுமா என்று எழுதியிருந்தாய். போதாது. அகராதிக்காரர் நம் இங்கிலாந்தின் யார்க்ஷயரில் குடியிருந்ததில்லை போலும். இங்கே பாப் இன் செய்பவர் பின்வாசல் வழியாக வருவார். முன்வாசல் பாதிரியாருக்கும் போலீசுக்கும். கையில் ஒரு காரணம் வேண்டும், காலிக் கிண்ணம் போதும். உட்காரக் கூடாது. முக்கியமாக, கோட்டைக் கழற்றக் கூடாது. கழற்றினால் விருந்தாளி. பிறகு மறுவாரம் பதில் விருந்து, அதற்குப் பதில் விருந்து, முடிவே இல்லை.

பக்கத்து வீட்டு பெரில் ஆன்ட்டி, உன் அம்மா தவறிய பிறகு தினமும் காலையில் வருகிறாள். "நிக்க நேரமில்ல வில்ஃப், ஒரு நிமிஷந்தான்" என்பாள். தேநீர் வேண்டவே வேண்டாம் என்பாள். மூன்றாவது கோப்பைக்குள் தங்கை புருஷனைத் திட்டி முடித்திருப்பாள். எல்லாம் நின்றபடியே, பொத்தான் போட்ட கோட்டோடு. மதியமாகிவிடும். அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் நான் சவரம் செய்கிறேன். அண்ணனிடம் சொல்லாதே.

சென்ற மாதம் கடும் வெயில். அவள் முகம் பீட்ரூட் மாதிரி சிவந்திருந்தது. மனம் கேட்கவில்லை. "கோட்டைக் குடு பெரில், மாட்டி வைக்கிறேன்" என்றேன். கையையும் நீட்டிவிட்டேன். அவள் கோட்டின் கழுத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "நான் என்ன தங்கவா வந்தேன்?" என்றாள். பாதித் தேநீரை வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

மறுநாள் வரவில்லை. அதற்கடுத்த நாளும். துணி காயப்போடும்போது வேலிக்கு மேலாக, "இன்னிக்கு நல்ல வெயில்" என்றாள். பேருந்து நிறுத்தத்தில் முன்பின் தெரியாதவரிடம் பேசுவது போல. வீடு பெரிதாகிவிட்டது. வானொலிக்குப் பதில் சொல்ல ஆரம்பித்தேன். அவள் இனி வரவே மாட்டாளோ என்று பயம், ஹெதர். வேறொன்றுமில்லை.

கடைசியில் நானே போனேன். குளிர்காலக் கோட், கழுத்துவரை பொத்தான். கையில் கிண்ணம். "நிக்க நேரமில்ல பெரில், உன் கிண்ணத்தைக் குடுத்துட்டுப் போலாம்னு." "அது உன் கிண்ணம்ப்பா" என்றாள். "இந்த வெயில்ல மயங்கி விழுந்தா நான் தூக்க மாட்டேன், சொல்லிட்டேன்." ஆனால் தேநீர்க் கெண்டியை அடுப்பில் வைத்தாள். நின்றுகொண்டே கேக் தின்றேன். வியர்வை காலணி வரை இறங்கியது. அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "உம்மேல கோபமெல்லாம் இல்ல, கிறுக்கா. கோட்டுக்குள்ள நைட்டிதான் போட்டிருந்தேன். எப்பவுமே அதான்."

நான் இன்னொரு துண்டு கேக் கேட்டேன்.

இன்று காலை வந்தாள். நீல கவுன், கோட் இல்லை. உட்கார்ந்தாள். நல்ல கோப்பைகளை அம்மா எங்கே வைத்தாள் என்று எனக்குத் தெரியவில்லை. பெரில்தான் தேடி எடுத்தாள்.

இதற்கு ஆங்கிலத்தில் என்ன சொல் என்று உன் பிள்ளைகள் கேட்டால், அப்பா இன்னும் யோசிக்கிறார் என்று சொல்.

கடவுள் உன்னைச் சுகமாக வைத்திருக்கட்டும். கிறிஸ்துமஸுக்கு வருவதானால் முன்கூட்டியே எழுதிவிட்டு வா.

என்றும் உன் அன்பு அப்பா,
வில்ஃப்