பப்பாசி ஏன் செத்தது?

2 பெப்ரவரி 1997, ஞாயிறு

விடியற்காலையிலிருந்து பனி கொட்டுகிறது. மனைவி பேபிக்கு முதியோர் இல்லத்தில் இன்றும் வேலை, பஸ்ஸில் போய்விட்டாள். மகள் சுபாங்கி நூலகத்துக்குப் போயிருக்கிறாள். வீட்டில் நானும் பாம்பும்தான்.

எழுதிப் பார்த்தால் இப்போதும் ஒரு மாதிரியாக இருக்கிறது. ரொறன்ரோவின் வோபர்ன் பகுதியில் ஒன்பதாம் மாடியில் இருக்கிற எங்கள் வீட்டில் ஒரு பாம்பு இருக்கிறது. ஒன்றரை வருடத்துக்கு முன் சுபாங்கி அதைச் சப்பாத்துப் பெட்டிக்குள் வைத்து லிஃப்ற்றில் கொண்டு வந்தாள். விஷமில்லாத சாதி. மூன்றரை அடி நீளம், பழுத்த பப்பாசியின் நிறம். அதனால் பப்பாசி என்றே பெயர் வைத்தாள். பத்து நாளைக்கு ஒருமுறை ஒரு எலி தின்னும். உறையவைத்த எலிகளைக் கடையில் பெட்டியாக விற்கிறார்கள். பிறிட்ஜில் மீனுக்குப் பக்கத்தில் எலி வைக்க விடமாட்டேன் என்று பேபி ஒரேயடியாகச் சொல்லிவிட்டாள். குளிர்காலத்தில் பல்கனியில் ஒரு பிஸ்கற் தகரப் பேணிக்குள் வைக்கலாம் என்று யோசனை சொன்னது நான்.

வேலை நாட்களில் எனக்குப் பின்னேரம் மூன்று மணிக்குத்தான் வேலை தொடங்கும். காலையில் சுபாங்கியின் அறைக்குப் போய் பாம்பின் கண்ணாடிப் பெட்டிக்குள் தண்ணீரை மாற்றுவேன். பிறகு அவளுடைய கதிரையில் இருந்து பேப்பர் வாசிப்பேன். அது தலையைத் தூக்கிப் பார்க்கும். இது இரண்டு பேருக்கும் தெரியாது. தெரிய வேண்டியதுமில்லை.

9 பெப்ரவரி, ஞாயிறு

சண்டை. சுபாங்கி பல்கலைக்கழக விண்ணப்பத்தில் முதலாவதாக குவெல்ஃப் போட்டிருக்கிறாளாம், மிருக வைத்தியத்துக்குப் போகிற வழி அதுதானாம். ரொறன்ரோவை இரண்டாவதாகப் போட்டிருக்கிறாள். அனுப்பி ஒரு மாதம் கழித்து இன்றைக்குத்தான் சொல்கிறாள். வீட்டிலிருந்து போய்வரக்கூடிய இடத்தில் கம்பியூட்டர் படிப்பாள் என்று நான் எல்லோருக்கும் சொல்லி வைத்திருக்கிறேன்.

பாம்புக்கும் மாட்டுக்கும் மருந்து கொடுக்கவோ இவ்வளவு தூரம் வந்தோம் என்று கேட்டேன். தன்னுடைய வாழ்க்கை தன்னுடையது என்றாள். ஆத்திரத்தில் அவளுடைய அறைப் பக்கம் கையைக் காட்டிச் சொன்னேன்:

"ஒரு நாளைக்கு நீ பள்ளிக்கூடத்தால வரேக்க உது இராது. பார்."

ஏன் அப்படிச் சொன்னேன்? அந்த வாயில்லாத சீவன் என்ன செய்தது?

10 பெப்ரவரி, திங்கள்

சுபாங்கி தன் அறையைப் பூட்டிவிட்டுப் போயிருக்கிறாள்.

17 பெப்ரவரி, திங்கள்

இன்று பூட்டவில்லை. தண்ணீர் மாற்றினேன்.

2 மார்ச், ஞாயிறு

இரண்டு நாளாக வெயில். பல்கனியில் பனி உருகிச் சொட்டுகிறது. வேலையில் எங்கள் ஊர்ப் பொடியன் அலெக்ஸாண்டர் தன் புது வீட்டுப் படம் காட்டினான். பிக்கரிங்கில் எங்கள் தொழிற்சாலைக்குக் கிட்டவாம்.

9 மார்ச், ஞாயிறு

சுபாங்கி பள்ளிக்கூடத்துப் பிரெஞ்சு வகுப்போடு கியூபெக் போய்விட்டாள். வெள்ளிக்கிழமை வருவாள். பேபி அந்த அறை வாசலில்கூட நிற்கமாட்டாள், அதனால் என்னிடம்தான் பாம்பை ஒப்படைக்க வேண்டியிருந்தது. சுபாங்கி என் முகத்தைப் பார்க்காமல் ஒரு பேப்பர் துண்டைத் தந்தாள். தண்ணீர் மாற்ற வேண்டும். வெப்ப விளக்கு காலையில் போட்டு இரவில் அணைக்க வேண்டும். வெள்ளிக்கிழமை தீனி கொடுத்தாயிற்று, இனித் தேவையில்லை. எல்லாம் ஆங்கிலத்தில். கடைசி வரி மட்டும் தமிழில்: கையில் தூக்க வேண்டாம்.

11 மார்ச், செவ்வாய்

தூக்கினேன்.

தண்ணீர்ப் பாத்திரத்தை வைக்கக் கையை விட்டபோது அது தானாக விரலில் ஏறியது. நான் கையை இழுக்கவில்லை. ஊரில் வேலிக்குள்ளும் கிணற்றடியிலும் ஆறேழு பாம்பு அடித்திருக்கிறேன். உயிருள்ள ஒன்றைத் தொட்டது நாற்பத்தெட்டு வயதில் இன்றுதான். வழுவழுப்பு இல்லை, குளிரும் இல்லை. உலர்ந்து, இளஞ்சூடாக, மெதுவாக இறுக்கியது. பிறகு சேட்டுக் கைக்குள் புகுந்து முழங்கை வரை போய் அங்கேயே படுத்துவிட்டது. அரை மணித்தியாலம் அசையாமல் இருந்தேன்.

12 மார்ச், புதன்

பப்பாசி செத்துப்போயிற்று.

காலை பத்து மணி. விளக்குப் போடப் போனேன். நீட்டி நிமிர்ந்து கிடந்தது. அது ஒருநாளும் அப்படிப் படுப்பதில்லை. பாதி வயிறு மேலே தெரிந்தது. வாய் கொஞ்சம் திறந்திருந்தது. தொட்டேன். தூக்கினேன். கயிறு மாதிரித் தொங்கியது. திரும்ப வைத்துவிட்டு ஒரு மணித்தியாலம் பக்கத்தில் இருந்து பார்த்தேன் - ஒருவேளை நித்திரையோ, தோல் உரிக்கப் போகிறதோ என்று. என்ன விசர் யோசனை.

நேற்று நல்லாத்தானே இருந்தது. என்ன நடந்தது? நான் என்ன செய்தன்?

பேபிக்கு வேலைக்குப் போன் எடுத்தேன். பிள்ளை வருமுன் எடுத்து எறிந்துவிடாதேங்கோ என்றாள். நானும் அதைத்தான் நினைத்தேன். ரெலிபோன் புத்தகத்தில் தேடி, ஊர்வன பார்க்கிற மிருக வைத்தியர் ஒருவரைப் பிடித்தேன். ஏன் செத்தது என்று வெட்டிப் பார்க்க வேண்டுமென்றால் உறையவைக்கக் கூடாது, பிறிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்து நாளைக்குக் கொண்டு வரச் சொன்னார்கள்.

பேபி எலியையே உள்ளே விடாதவள். இன்று வேலையால் வந்து மரக்கறித் தட்டை ஒதுக்கித் துடைத்து இடம் விட்டாள்.

வெள்ளிக்கிழமை வரை வேலைக்கு லீவு போட்டேன். காய்ச்சல் என்று சொன்னேன்.

13 மார்ச், வியாழன்

காலையில் கொண்டு போனேன். டொக்ரர் ஒரு வெள்ளைக்காரப் பெண், பேபியின் வயதிருக்கும். செத்த பாம்பை நான் பையோடு நீட்டினேன். அவர் இரண்டு கையாலும் தாங்கி வாங்கி, துவாய் விரித்து அதன் மேல் கிடத்தினார். என்ன தின்றது, எப்போது, வெப்பம் எவ்வளவு, கட்டடத்தில் பூச்சி மருந்து அடித்தார்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார். போன மாதக் கடைசியில் வெளி வராந்தாவில் கரப்பானுக்கு அடித்தார்கள் என்றேன். பல்கனி வெயிலில் இருந்த எலிப் பேணியைப் பற்றியும் சொன்னேன். கையில் தூக்கியதைச் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று தெரியவில்லை.

முடிவு ஒரு கிழமையில் வரும். உடலையும் திருப்பித் தருவார்கள்.

பின்னேரம் சுபாங்கி கியூபெக்கிலிருந்து போன் எடுத்தாள். தாயோடு கதைத்து முடித்து என்னைக் கேட்டாள்.

"பப்பாசி எப்பிடி இருக்கு, அப்பா?"

"இருக்குது" என்றேன்.

பேபி குசினி வாசலில் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பிள்ளை அங்கே நாலு பேருக்கு நடுவில் நின்று அழக் கூடாது என்றுதான் சொன்னேன். இப்போது அதை நினைக்கப் பயமாக இருக்கிறது.

14 மார்ச், வெள்ளி

பஸ் வந்து நிற்கிற இடத்துக்குப் போய்க் கூட்டி வந்தேன். காரில் சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து அவள் அறைக் கதவில் கை வைத்த பிறகு சொன்னேன்.

அவள் முதலில் வெறும் பெட்டியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"எப்ப?"

"புதன்கிழமை."

"நேற்று நான் கேக்க இருக்குது எண்டு சொன்னீங்க."

நான் பதில் சொல்லத் தொடங்க முன் அவளே தொடர்ந்தாள். சத்தம் போடவில்லை.

"நீங்கதானே சொன்னீங்க, ஒரு நாளைக்கு அது இராது எண்டு. யூ டோல்ட் மி."

இல்லை பிள்ளை, இல்லை பிள்ளை என்று இரண்டு முறை சொன்னேன். கதவு சாத்தப்பட்டது. உள்ளே அழுகிற சத்தம்கூட இல்லை.

16 மார்ச், ஞாயிறு

சுபாங்கி சாப்பாட்டைத் தட்டில் எடுத்துக்கொண்டு அறைக்குள் போகிறாள். பேபி கோயிலில் கேட்டாளாம், வீட்டில் பாம்பு செத்தால் பால் அபிஷேகம் செய்ய வேண்டுமாம். செய்யட்டும்.

பின்னேரம் உடுப்பு மடித்துக்கொண்டிருந்த பேபி, என் பக்கம் திரும்பாமல் கேட்டாள்:

"இஞ்சேருங்கோ, உண்மையைச் சொல்லுங்கோ. நீங்கள் அதை ஒண்டும் செய்யேல்லைத்தானே?"

இருபத்திரண்டு வருடம் ஒன்றாக இருக்கிறோம். செய்யவில்லை என்றேன். தலையாட்டினாள். நம்பினாளோ தெரியாது. அவளைக் குறை சொல்ல ஏலாது - அது இராது என்று நான் சொல்லும்போது அவளும் பக்கத்தில் நின்றவள்.

18 மார்ச், செவ்வாய்

வேலை முடிய எல்லோரும் கையில் பட்ட மையைக் கழுவுகிற அந்தத் திராவகம், பெயின்ற் கரைக்கிற தின்னர் மாதிரி ஒன்று. இன்று அதை ஊற்றும்போது கை நின்றுவிட்டது.

நாங்கள் அட்டைப் பெட்டிகளில் எழுத்தும் படமும் அச்சடிக்கிறோம். சவர்க்காரத்துக்கு மை போகாது, திராவகம் வேண்டும். எவ்வளவு கழுவினாலும் அடுத்த நாள் காலையிலும் விரலில் மணம் இருக்கும். பேபி முன்பு குறை சொல்வாள். அந்தக் கையால் செவ்வாய்க்கிழமை அதைத் தூக்கினேன். அரை மணித்தியாலம் என் தோலோடு கிடந்தது. புதன் காலை செத்துக் கிடக்கிறது.

அலெக்ஸாண்டர் என்ன அண்ணை, சுகமில்லையோ என்று கேட்டான்.

21 மார்ச், வெள்ளி

முடிவு வந்தது. இரண்டு பக்கக் கடிதம். காயம் இல்லை, எலும்பு முறியவில்லை. நுரையீரல், ஈரல், குடல் எல்லாம் சரி. தின்ற எலி சமித்திருந்தது. சோதித்துப் பார்த்த நஞ்சு எதுவும் இல்லை. மரணத்துக்குக் காரணம் கண்டுபிடிக்க முடியவில்லை.

உடனே போன் எடுத்து டொக்ரரிடம் திராவகத்தைப் பற்றிச் சொன்னேன். போத்தலைப் பார்த்து எழுதிக்கொண்டு வந்த பெயரை வாசித்துக் காட்டினேன். அப்படி நடந்திருக்கும் என்று தான் நினைக்கவில்லை என்றார். ஆனால் அந்த நஞ்சைக் குறிப்பாகத் தேடவில்லை, ஆகவே இல்லவே இல்லை என்று சத்தியம் செய்யவும் முடியாது என்றார். நன்றாகப் பராமரித்த பாம்புகளும் சிலவேளை இப்படித் திடீரென்று செத்துப்போகுமாம்.

கடிதத்தைச் சுபாங்கியின் மேசையில் வைத்தேன். இரவு நான் வேலையால் வர, வெளியே வந்து, நீங்கள் அடிக்கவில்லை என்று போட்டிருக்கிறது என்றாள். பேசினாளே. அதோடு விட்டுவிடலாமா?

விடலாம். கடிதம் என் பக்கம்தான். நான் தூக்கியது எனக்கு மட்டும்தான் தெரியும்.

23 மார்ச், ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

சுபாங்கி பாம்புப் பெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தாள், யாருக்கோ கொடுக்கப் போகிறாளாம். நான் வாசலில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். தூக்க வேண்டாம் என்று எழுதியிருந்தும் தூக்கினேன், அடுத்த நாள் செத்தது, கையில் வேலைத் திராவகம் இருந்தது, டொக்ரர் அப்படி இராது என்கிறார் ஆனால் சத்தியம் செய்யமாட்டார் என்று. அது என்னாலேயோ என்று எனக்குத் தெரியாது, நீ தெரிந்துகொள்ள வேண்டும் என்று சொல்கிறேன் என்றேன்.

அவள் துணியைக் கீழே வைத்தாள்.

"நீங்க அவளைத் தூக்கினீங்களா?"

"ஓம்."

"எப்பிடி?"

எப்படி என்றால் என்ன சொல்வது? விரலில் ஏறியதையும் சேட்டுக் கைக்குள் புகுந்ததையும் முழங்கையில் போய்ப் படுத்ததையும் சொன்னேன். அசைந்தால் பயந்துவிடும் என்று மூக்குக் கடித்தும் சொறியாமல் இருந்ததையும் சொன்னேன்.

"ஷி ஒன்லி டஸ் தட்..." என்று தொடங்கி நிறுத்தினாள். பிறகு தமிழில் சொன்னாள். "பயமில்லாத ஆக்களிட்டத்தான் அவள் அப்பிடிச் செய்வாள். அம்மாவைக் கண்டா சுருண்டிடுவாள்."

காலை நேரங்களில் அங்கே இருந்து பேப்பர் வாசித்ததையும் சொன்னேன். எவ்வளவு நாளாக என்று கேட்டாள். போன வருடம் சித்திரையிலிருந்து என்றேன்.

அதற்குப் பிறகுதான் அழுதாள். கிட்டப் போவதா விடுவதா என்று தெரியாமல் நின்றேன். அவளே வந்து என் தோளில் தலையை வைத்தாள். பேபி எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டாள்.

24 மார்ச், திங்கள்

நேற்றிரவு மூன்று பேரும் ஒரே மேசையில் சாப்பிட்டோம். திராவகத்துக்குக் கையுறை போடச் சொல்லி சுபாங்கி எனக்கு உத்தரவு.

20 ஏப்ரல், ஞாயிறு

நிலம் இளகும் வரை டொக்ரரிடமே உறையவைத்திருந்து இன்று பப்பாசியைப் புதைத்தோம். எங்களுக்கு ஏது நிலம்? அலெக்ஸாண்டரிடம் விசயத்தைச் சொல்லிக் கேட்டேன். சிரிப்பான் என்று நினைத்தேன். வேலி வரப்போகிற மூலையைக் காட்டி, இதில் நான் ஒரு மரமும் நட மாட்டேன் அண்ணை என்றான். புது வீட்டு மண், கிண்டினால் செங்கல் துண்டும் ஆணியும்தான். நானும் சுபாங்கியும் மாறி மாறிக் கிண்டினோம். பேபி காரை விட்டு இறங்கவில்லை. ஆனால் மூடி முடித்த பிறகு வந்து, கொண்டுவந்த பூவைத் தூரத்தில் நின்று எறிந்தாள்.

7 ஜூன், சனி

குவெல்ஃப், ரொறன்ரோ இரண்டு இடத்திலிருந்தும் அனுமதிக் கடிதம். சுபாங்கி இரண்டையும் மேசையில் வைத்தாள். குவெல்ஃப் கடிதத்தை அவள் பக்கம் தள்ளிவிட்டேன். அந்த டொக்ரர் துவாய் விரித்த விதம் நினைவுக்கு வந்தது, அதைச் சொல்லத் தெரியவில்லை. கிழமைக்கு ஒருக்கா போன் எடுக்க வேண்டும் என்று மட்டும் சொன்னேன்.

30 ஓகஸ்ட், சனி

குவெல்ஃப்பில் விட்டுவிட்டு வந்தோம். இரண்டு பேருக்கு ஒரு அறை. மற்றப் பிள்ளை சட்பரியிலிருந்து வந்தவள். பேபி கட்டிலுக்கு விரித்து, மிளகாய்த்தூள் போத்தலை எங்கே வைப்பது என்று இடம் தேடினாள். நான் காரிலிருந்து பெட்டிகள் தூக்கினேன்.

கடைசிப் பெட்டியோடு நான் உள்ளே போனபோது சுபாங்கி சுவரில் படங்கள் ஒட்டிக்கொண்டிருந்தாள். ஒன்றில் பப்பாசி. மற்றப் பிள்ளை அதைப் பார்த்து, பாம்பு அழகாக இருக்கிறது என்று சொல்லி, அதற்கு என்ன நடந்தது என்று கேட்டாள்.

சுபாங்கி ஒட்டிய மூலையை விரலால் அழுத்தினாள்.

"செத்துப்போச்சு. வீ டோன்ட் நோ வை" என்றாள். அந்தப் பிள்ளைக்குப் பாதி விளங்கியிருக்கும். பிறகு என் பக்கம் தலையைக் காட்டி ஆங்கிலத்தில் சொன்னாள்: "இது என் அப்பா. நான் பள்ளிக்கூடம் போகிற நேரமெல்லாம் இவர்தான் அவளோடு இருந்தவர்."

அந்தப் பிள்ளை எனக்குக் கை தந்தது. பெட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கொடுத்தேன்.