ஏழாவது செருகுநிரல்

நாள் 611 – 07:40
வழக்கமான சோதனை. பதிபவர்: எஸ்தர் ஞானபாய், தொடர்புப் பொறியாளர், செவ்வாயைச் சுற்றும் அஞ்சல் நிலையம். நிலையத்தில் நான் ஒருத்தி மட்டும். நேர் கீழே பள்ளத்தாக்கு முகாமில் பதினான்கு பேர்.

எனக்குப் பின் இந்த நாற்காலிக்கு வருபவருக்காக: முகாமின் எல்லாச் செய்திகளும் இங்கே ‘தரகன்’ என்ற மென்பொருளுக்கு வந்து, வரிசையில் நின்று, உரியவரிடம் போய்ச் சேர்கின்றன. தரகனோடு பதினொரு செருகுநிரல்கள், அதாவது அதில் செருகிய துணை நிரல்கள், ஓடுகின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை. பொத்தான், படம் எதுவும் கிடையாது. கறுப்புத் திரையில் கட்டளை தட்ட வேண்டும்: பட்டியலிடு, இயக்கு, நிறுத்து.

பட்டியலிட்டேன். பதினொன்றும் ஓடுகின்றன. நினைவகப் பயன்பாடு 71 விழுக்காடு. காலைக்கு ரவை உப்புமா.

நாள் 611 – 09:15
தெற்கே தூசிப்புயல். முகாமின் கருவிகள் எல்லாம் ஒரே நேரத்தில் அளவுகளை அனுப்பிக் குவிக்கின்றன. நினைவகம் 88. தொண்ணூறைத் தொட்டால் தரகன் புதிய செய்தி எதையும் வாங்காது.

முகாம் பொறுப்பாளர் ரவூஃபிடமிருந்து:
“பேச்சிமுத்துவும் அமலாக்காவும் ரெண்டாம் துளைக்குப் போயிருக்காங்க அக்கா. எட்டு அம்பதுக்குக் கெளம்புனாங்க. கருவியக் கழட்டிட்டு மதியச் சாப்பாட்டுக்கு வந்துருவாங்க.”

பேச்சிமுத்து வண்டியோட்டி. அமலோற்பவம் நிலவியலாளர்; ரெண்டாம் துளை அவர் பாறையை ஆராயத் துளைத்த இடம். வண்டியில் ஒன்பது மணி நேரத்துக்குக் காற்று.

நாள் 611 – 09:32
நினைவகம் 89. எதையாவது நிறுத்தியாக வேண்டும். நான்காம் செருகுநிரல் பழைய செய்திப் போக்குவரத்தைக் கோட்டுப்படமாக்கிக் காட்டுவது. அதை யாரும் பார்ப்பதில்லை.

நிறுத்து 4.
திரை: “சார்புடையவையும் நிற்கும். தொடரவா?”
ஆம்.
திரை: “நின்றவை: 4, 7.”

நினைவகம் 76.

நாள் 611 – 09:36
ஏழு என்பது வண்டிகளின் செருகுநிரல். வண்டியின் இடம், காற்றின் அளவு, ஓட்டுபவர் தட்டும் சிறு வரிகள் எல்லாம் அதன் வழியாகத்தான் வரும். முன்பிருந்த பொறியாளர் நான்கை இயக்கியபோது அது தன் தேவைக்காக ஏழையும் இழுத்துக்கொண்டு வந்திருக்கிறது. ஏழைத் தனியாக யாரும் இயக்கியதே இல்லை. நான்கு போனதும் ஏழும் போய்விட்டது.

பெரிய தவறு இல்லை. இயக்கு 7.
திரை: “7: கோப்பு சிதைந்துள்ளது. ஏற்ற இயலவில்லை.”

மறுபடியும் தட்டினேன். அதே பதில்.

நாள் 611 – 09:58
வட்டில் கோப்பு இருந்த பகுதியே பழுதாகியிருக்கிறது. எப்போது என்று தெரியவில்லை. ஓராண்டுக்கு முன்பாகவும் இருக்கலாம். இத்தனை நாளும் நினைவகத்தில் ஏறியிருந்த பிரதி ஓடிக்கொண்டிருந்ததால் யாருக்கும் தெரியவில்லை. அதை நான் அணைத்துவிட்டேன். மாற்றுப் பிரதியும் அதே வட்டில், அதே பகுதியில்.

பூமியிடம் கோப்பு கேட்டு அனுப்பினேன். போகப் பத்தொன்பது நிமிடம், வர பத்தொன்பது. நடுவே அவர்கள் தேடும் நேரம்.

நாள் 611 – 10:20
தரகனின் பதிவேட்டில் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு வரி விழுகிறது:
“வண்டி 2: இணைப்பு மறுக்கப்பட்டது.”

வண்டி பேச முயல்கிறது. வாங்க ஆள் இல்லை.

நாள் 611 – 11:25
நானே ஒரு சிறு நிரல் எழுதி, வண்டி வந்து தட்டும் இணைப்பு வாசலில் நிறுத்திப் பார்த்தேன். வண்டி முதலில் ஒரு சாவியைக் கேட்கிறது. சரியான சாவி வந்தால்தான் உள்ளதைச் சொல்லும். சாவி செருகுநிரலுக்குள் இருக்கிறது. நான் போட்ட பொய்ச்சாவியை வண்டி ஏற்கவில்லை. பாதுகாப்புக்காக அப்படிச் செய்தார்கள். நல்ல ஏற்பாடுதான்.

ரவூஃப்: “புயல் எங்க மேல வந்துட்டுக்கா. வண்டி எங்க நிக்கி? வரைபடத்துல ஒம்பதரைக்கு மேல ஒண்ணையும் காணோமே.”

நடந்ததைச் சொன்னேன். நான் நிறுத்தியதையும் சொன்னேன். ரவூஃப்: “சரிக்கா. சீக்கிரம் பாருங்க.”

நாள் 611 – 13:25
பூமியிலிருந்து கோப்பு வந்தது. இயக்கு 7.
திரை: “7: பதிப்பு பொருந்தவில்லை.”

புதிய தரகனுக்கு எழுதப்பட்ட கோப்பு. இங்கே ஓடுவது பழையது. பழையதன் கோப்பு வேண்டும் என்று பெரிய எழுத்தில் எழுதி அனுப்பினேன். இன்னும் முப்பத்தெட்டு நிமிடம், அதற்கு மேல் தேடும் நேரம்.

நாள் 611 – 14:10
ரவூஃப் முதல் வண்டியை எடுத்துக்கொண்டு தேடப்போய்த் திரும்பியிருக்கிறார்.
“ரெண்டாம் துளை வரைக்கும் போனேன் அக்கா. ஆளில்ல, வண்டியில்ல. என் கையே எனக்குத் தெரியல. அங்கேருந்து மூணு பக்கம் பிரியுது, எந்தப் பக்கம் போவட்டும்? நீங்க சொல்லுங்க, போறேன்.”

என் அலைவாங்கியின் கண்ணுக்கு அந்தப் பள்ளத்தாக்கு முழுதும் ஒரே புள்ளி.

வண்டி 2: இணைப்பு மறுக்கப்பட்டது. அந்த வரியைப் பார்த்தால்தான் மூச்சு வருகிறது. அனுப்புகிறார்கள், ஆகவே இருக்கிறார்கள்.

நாள் 611 – 14:50
ஒரு வழி மிச்சமிருக்கிறது. ஓடும் தரகனைக் கேட்காமலேயே, இயங்க வேண்டிய செருகுநிரல்களின் பட்டியலைக் கோப்பில் நேராக எழுதலாம். தரகனை மறுதொடக்கம் செய்தால் அந்தப் பட்டியல்படி எழும்பும். பதிப்புச் சோதனையை அப்போது தாண்டிவிடக்கூடும். தாண்டாமலும் போகலாம்.

எழுதிவிட்டேன். ரவூஃபிடம், சில நிமிடம் என் குரல் இருக்காது என்றேன்.

நாள் 611 – 15:50
சில நிமிடம் அல்ல. ஐம்பத்திரண்டு நிமிடம்.

தரகன் ஏழிடம் வந்து விழுந்தது. ஏழு விழுந்ததால் மற்ற ஒன்பதும் எழவில்லை. முகாமின் குரல்கூடப் போய்விட்டது. பட்டியலிலிருந்து ஏழை எடுத்து, மறுபடி எழுப்பி, ஒவ்வொன்றாக இயக்கி, பழைய நிலைக்கே வந்திருக்கிறேன்.

ரவூஃப்: “ரெண்டாந்தடவ தேடிட்டு வந்தேன். கூப்புட்டு கூப்புட்டுப் பாத்தேன், நீங்களும் இல்லாமப் போயிட்டீங்களேக்கா.”

பூமியிடமிருந்து இன்னும் இல்லை.

நாள் 611 – 16:40
இல்லை.

நாள் 611 – 17:06
வந்தது. சரியான பதிப்பு. இயக்கு 7.
திரை: “7: இயங்குகிறது.”

17:10க்குக் காத்திருக்கிறேன். காற்று 17:50 வரை இருக்க வேண்டும். இருக்க வேண்டும்.

நாள் 611 – 17:14
இணைந்தது. வண்டி சேர்த்து வைத்திருந்த எல்லாம் ஒரே மூச்சில் வந்தன. தொண்ணூற்றிரண்டு செய்திகள். தரகன் ஒன்று விடாமல், வரிசை மாறாமல் முகாமுக்குக் கொடுத்தது. தெற்கு மேட்டுக்குப் பின்னால், முகாமிலிருந்து நான்கு கிலோமீட்டர். 10:40லிருந்து அங்கேயே. ரவூஃப் இருமுறையும் அந்த மேட்டைத் தாண்டித்தான் போயிருக்கிறார். இப்போது கிளம்பிவிட்டார்.

பேச்சிமுத்து தட்டியவற்றை இங்கே எழுதி வைக்கிறேன்.

10:44 – “வண்டி பள்ளத்துல எறங்கிட்டு. பயப்படாதீங்க. எடத்த அனுப்பியாச்சு.”
11:30 – “யாரும் கெளம்பியாச்சா? ஒரு வார்த்த சொல்லுங்க.”
13:05 – “வண்டிக் காத்துக்குழாய் அறுந்துட்டு. உடுப்பு பாட்டிலுக்கு மாறிட்டோம். ஆளுக்கு மூணரை மணி நேரம் வரும்.”
14:20 – “அமலாக்காவுக்குத் தலையில அடி. பேச்சு சரியில்ல.”
15:18 – “எம் பாட்டில அவங்களுக்கு மாத்துதேன். மயக்கத்துல கெடக்காங்க, சண்ட போட மாட்டாங்க.”
15:31 – “எஸ்தரக்கா, பாத்துக்கிட்டுதான இருக்கீய.”

15:31க்கு நான் தரகனை எழுப்பிக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு வந்தவை எல்லாம் வண்டி தானாக அனுப்பியவை. இடம். காற்று. இடம். காற்று.

நாள் 611 – 17:44
ரவூஃப்: “அக்கா. அமலாக்காவுக்கு மூச்சு இருக்கு. பாட்டில மாத்திட்டேன். பேச்சி… பேச்சி இல்லக்கா.”

நாள் 612 – 08:00
வழக்கமான சோதனை. மறுபடி இயக்கிய நான்கையும் சேர்த்துப் பதினொன்றும் ஓடுகின்றன.

பூமியிலிருந்து: “ஏழாம் செருகுநிரலின் சார்பு ஆவணத்தில் குறிப்பிடப்படவில்லை. வட்டின் பழுதும் முன்னரே கண்டறியப்படவில்லை. இது உங்கள் தவறு அல்ல.”

தொடரவா என்று திரை கேட்டது. நான் ஆம் என்றேன். அது ஆவணத்தில் வராது.

நாள் 613
சாப்பிடவில்லை. ரவூஃப் இரண்டு தடவை கூப்பிட்டார். நினைவகம் 70.

நாள் 614 – 10:12
அமலோற்பவத்துக்கு நினைவு திரும்பியிருக்கிறது. எனக்கு ஒரு செய்தி தட்டியிருக்கிறார். நேரடியாக என் வரிசைக்கு வந்தது.

“எஸ்தர், பேச்சி விடாம உனக்கு எழுதிட்டே இருந்தானே. ஒண்ணுகூடவா உனக்கு வரல? எனக்கு யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டேங்காங்க. நீயாவது சொல்லு.”

தரகனிடம் ஒரு விதி உண்டு. செய்தியைப் பெற்றவர் ‘பெற்றேன்’ என்று ஒப்புக்கொள்ள வேண்டும். ஒப்புக்கொள்ளும்வரை செய்தி வரிசையைவிட்டுப் போகாது. திரையை மூடித் திறந்தால் மறுபடி முதலிலிருந்து கொடுக்கும்.

திரையை மூடினேன்.

நாள் 614 – 10:40
“எஸ்தர், பேச்சி விடாம உனக்கு…” மறுவிநியோகம்: 1.

நாள் 614 – 13:00
மறுவிநியோகம்: 6. ஒரு பதில் எழுதினேன். அழித்தேன்.

நாள் 615
மறுவிநியோகம்: 31.

நாள் 615
மறுவிநியோகம்: 32. பதில் எழுதுகிறேன்: “அமலாக்கா, நான்தான்…