மகன் எடுத்த மீசை

புரட்டாசி 9, வெள்ளி

ஜப்பானில் வேலை பார்க்கும் மகன் மீசையை எடுத்துவிட்டு லீவுக்கு வந்திருக்கிறான். அங்கே ஆபீசில் யாருமே வைப்பதில்லையாம்.

இன்று காரைக்குடி பஸ் ஸ்டாண்டில் நான் டீ வாங்கிக்கொண்டு திரும்பும்போது, அவனுடைய பழைய வாத்தியார் அவனிடம் கேட்டது காதில் விழுந்தது.

"அப்பா எப்பத் தவறுனாக? எனக்கு ஒரு வார்த்தை சொல்லலையேப்பா."

"அந்தா டீயோட வாராக, சார்" என்று இவன் சிரித்தான். வாத்தியார் என்னைக் கும்பிட்டுவிட்டு அவசரமாக நகர்ந்தார்.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. அப்பனுக்குக் கொள்ளி வைக்கத்தான் இங்கே மகன் மீசையை எடுப்பான். இவனையும் குற்றம் சொல்ல முடியவில்லை. ஆனாலும் வீட்டுக்கு வந்ததும் போய்ப் படுத்துக்கொண்டேன். அலுப்பாக இருக்கிறது.

என் அப்பா இறந்த அன்று, ஊருணிக்கரையில் மீசையில் கத்தி பட்ட பிறகுதான் எனக்கு அழுகையே வந்தது. இவனுக்கு எப்படி வருமோ.