வக்கடையில் கிடந்த செங்கற்கள்

அன்பு மகன் ஜெஸீம் அறிவது, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் காவலில் இங்கே எல்லாரும் சுகம், கத்தார் வெயிலில் நீயும் சுகமாயிருக்க ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறேன். போனில் சொன்னால் வாப்பா இடையில் புகுந்து கதையைத் தன் பக்கம் திருப்பிவிடுவார், அதனால்தான் லீவு முடிந்து அங்கே திரும்பி வரும் பாயிஸின் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன். மகன், நம் வயல் நமக்கே வந்துவிட்டது!

ஆற்றோரத்துப் பழைய புத்த தூபி மேட்டுக்கு எல்லை போட வந்த தொல்பொருள் திணைக்களத்தார் நம் வயலுக்குள்ளும் கல் நட்டுவிட்டார்கள் என்றதும், விட்டுடுங்க உம்மா, அவங்களோட மல்லுக்கட்ட ஏலா என்றாய். நானும் மூன்று மாதம் அழுதேன். பிறகுதான் விசாரித்தேன், நம் வயலுக்குள் என்னத்தைக் கண்டார்கள் என்று. வரம்பு வெட்டித் தண்ணீர் விடும் வக்கடையில் அந்தக் காலத்துச் செங்கல் அடுக்கடுக்காக இருக்கிறதாம், ஆகவே தூபியின் கட்டடம் அதுவரை வருகிறதாம். எனக்குச் சிரிப்பதா தலையில் அடிப்பதா தெரியவில்லை. பெருவெள்ளத்தில் வக்கடை அறுத்துக்கொண்டு போன வருஷம், மேட்டிலிருந்து ஆற்றுக்குள் சரிந்து கிடந்த கற்களைப் பொறுக்கிவந்து அங்கே அடுக்கியவர் உன் வாப்பாதான்! சொன்னால் பிடித்துக்கொண்டு போவார்கள் என்ற பயத்தில் மனுஷன் இத்தனை நாளும் வாயைத் திறக்கவில்லை.

பயம் எனக்கும்தான். ஆனாலும் போன செவ்வாய் பெரிய அதிகாரி வந்தபோது, சிங்களம் கதைக்கத் தெரிந்த உன் மச்சான் சியாமைக் கூட்டிக்கொண்டு போய் நடந்ததை நடந்தபடி சொன்னேன். வாப்பா முகம் வெளிறி, ஆறு கொண்டுபோக இருந்த கல்லைத்தான் எடுத்தன் சேர் என்றார். அதிகாரி வக்கடைக்குக் கீழே மூன்று இடத்தில் நெஞ்சளவு தோண்டச் சொன்னார். வெறும் களிமண் மகன், ஒரு கல்துண்டு இல்லை! பிறகு நன்றாக ஏசினார், வாங்கிக்கொண்டோம். கற்களை எல்லாம் நான் தூக்கிக் கொடுக்க, வாப்பா லேண்ட்மாஸ்டர் உழவு மெஷின் பெட்டியில் ஏற்றி மேட்டிலேயே கொண்டுபோய் இறக்கினார். நேற்று எல்லைக்கல்லைப் பிடுங்கி மேட்டடியில் நட்டார்கள். இன்று விடிய சுபஹ் தொழுதுவிட்டு விதைத்தோம். தானே துணிந்து ஒப்புக்கொண்டதாக வாப்பா ஊரெல்லாம் சொல்லித் திரிகிறார், சொல்லட்டும்.

நேரத்துக்குச் சாப்பிடு, வெள்ளிக்கிழமை யாசீன் ஓத மறக்காதே. அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளும் பறக்கத்தும் தரட்டும். இனி ஒருநாளும் என்னிடம் விட்டுடுங்க என்று மட்டும் சொல்லாதே.

இப்படிக்கு,
தன் சீதன வயலைத் திருப்பி எடுத்த
உன் உம்மா ஸுஹைறா