நீலமணிக்காகப் பேசியது

12 பிப்ரவரி 2006
எழுபத்தொரு வயதில் எழுத்து வந்திருக்கிறது. கீழ்க்கட்டளை முதியோர் வகுப்பில் தீபலட்சுமி டீச்சர், "தினமும் எழுதுங்க ஐயா, கை நிக்கும்" என்றார். எழுதுகிறேன். வரும் வழியெல்லாம் கடைப் பலகைகளைப் படித்துக்கொண்டே வந்தேன். ஒரு பஸ்ஸைத் தவற விட்டேன். பரவாயில்லை.

18 பிப்ரவரி
மகன் சுஃபியானின் கடிதம். மருமகள் சாஹிரா வாசிக்கக் கை நீட்டினாள். கொடுக்கவில்லை. நானே வாசித்தேன், அரை மணி ஆனது. ஹால்டியாவிலிருந்து எண்ணூருக்கு நிலக்கரி கொண்டுவரும் நீலமணிக் கப்பலில் அவனுக்கு வேலை. நானும் அதில் இருந்தவன்தான். "கப்பல சோதிக்க சர்வே ஆபீசர் வராரு அத்தா. ஆபத்துக்கு இறக்குற படகு, அதோட கம்பி, எல்லாத்துக்கும் பெயிண்ட் அடிச்சாச்சு" என்று எழுதியிருந்தான். சிரித்தேன். எங்கள் காலத்திலும் துருவின் மேல்தான் பெயிண்ட்.

5 மார்ச்
கப்பல் தொழிலாளர் சங்கத்து சத்தியநாதன் வந்தார். நம் துறைமுகம் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் சரக்கை நம் நாட்டுக் கப்பல்தான் ஏற்ற வேண்டும். நம் கப்பல் கிடைக்காவிட்டால்தான் வெளிநாட்டுக் கப்பலுக்கு அனுமதி. அந்த விதியைத் தளர்த்தப் பார்க்கிறார்களாம், வெளிநாட்டுக் கப்பலுக்கு வாடகை குறைவு என்று. தளர்த்தினால் நீலமணி உடைக்கப் போய்விடும். சுஃபியானும் கூட இருக்கும் இருபத்திரண்டு பேரும் கரையில்தான். அதிகாரிகள் கருத்து கேட்கிறார்கள். "நீங்க பேசணும் பாய். முப்பது வருசம் கடல்ல இர்ந்தவரு." எழுதியே வாசிக்கிறேன் என்றேன். அவர் என்னை நம்பாமல் பார்த்தார்.

11 மார்ச்
நாலு நாள் எழுதினேன். நம் முதலாளிகள் கப்பலைப் பழுது பார்ப்பதில்லை, துருவை மறைக்கிறார்கள் என்றும் ஒரு வரி. சத்தியநாதன் அதில் விரல் வைத்தார். "இத்த எதுக்கு பாய் எழுதிக்கினு? வெளிநாட்டுக் கப்பல்காரங்க இதுக்குத்தான் காத்துக்கினு கீறாங்க. மொதல்ல நிக்கிறது உங்க புள்ள கப்பல்தான்."
பென்சில்தானே. அழித்துவிட்டேன்.

14 மார்ச்
வாசித்தேன். இரண்டு இடத்தில்தான் தடுமாறினேன். கை தட்டினார்கள். எனக்கு.

2 ஏப்ரல்
விதி அப்படியே இருக்கும். நீலமணிக்கு மறுபடி எண்ணூர் நிலக்கரி. சாஹிரா பாயசம் வைத்தாள்.

19 மே
போன் வந்தது. சுஃபியானுக்கு அடி.

21 மே
படகை இறக்கிப் பார்க்கும் பயிற்சியாம். கம்பி அறுந்து படகோடு நாற்பதடி விழுந்திருக்கிறான். இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லை. அடுத்ததாக ஏற நின்றவன் எங்கள் பக்கத்துத் தெரு அன்பு. அவன்தான் போனில் அழுதான் — "பெயிண்டுக்குள்ள கம்பியே இல்ல பாய், துருதான் கீது."
எனக்குத் தெரியாதா? தெரியும். தெரிஞ்சுதான் அழிச்சேன். வேலை போவக் கூடாதுன்னு பாத்தேனே, புள்ளைய பாத்தேனா?

30 ஜூன்
சுஃபியானை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டோம். ராத்திரியும் பகலும் சாஹிராதான் புரட்டிப் படுக்க வைக்கிறாள். "அறுந்த கம்பிய மட்டும்தான் மாத்தினாங்க அத்தா. கப்பலோட இன்னொரு பக்கத்துப் படகுக்குப் பழைய கம்பியேதான்" என்றான்.

3 ஜூலை
அந்தத் துருக்கம்பியைப் பற்றி சர்வே அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினேன். சத்தியநாதனிடம் மறைக்கவில்லை. அவர் உட்காரக்கூட இல்லை. "கப்பல் நின்னா, நம்ம கப்பல் இல்லன்னு சொல்லி வெளிநாட்டுக்காரன் உள்ள வந்துடுவான். விதியே அப்படித்தான கீது. நீங்க கூவினதுதான பாய் அது?"
நான் பேசியதுதான். இன்று கேட்டாலும் அதையேதான் சொல்வேன். நம் கரைக்கு நம் கப்பல்தான் ஓட வேண்டும்.
ஆனால் அந்தப் படகை நம்பி இருபத்திரண்டு பேர்.
தபாலில் போட்டேன்.

9 ஆகஸ்ட்
நீலமணியை எண்ணூரில் நிறுத்திவிட்டார்கள். நிலக்கரி வேறு நாட்டுக் கொடியில் வருகிறது.
ரேஷன் கடையில், கப்பலோடு வேலை போன அன்புவின் மனைவி கன்னியம்மா எனக்கு முன்னால் நின்றாள். "முன்னால வாங்க பாய்" என்று எப்போதும் ஒதுங்குபவள். இன்று திரும்பவில்லை. அவள் பின்னாலேயே நின்றேன், மண்ணெண்ணெய் முடியும் வரை.
வீட்டில் சுஃபியானிடம் சொன்னேன்.
"அன்பு வூட்லதான் கீறானா அத்தா? கடல்ல இல்லியே?"
"வூட்லதான்."
கண்ணை மூடிக்கொண்டான். அதற்குப் பிறகு தூங்கினான்.