அன்று டிவியில் வாசித்தவர்

உன் விசைப்பலகை இன்று காலை என் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. அனுப்பியவர் உன் மனைவி, என் அண்ணி. தொலைபேசியில் அவரே அதை உறுதி செய்தார். பையைப் பிரித்ததும் கருவாட்டு வாசனை. நடு வரிசையில் மட்டும் எழுத்துகள் அழிந்து, விசைகள் வழுவழுவென்று இருக்கின்றன.

எழுபதுகளில் பொன்னேரிப் பக்கத்து ஏரிக்கரை மீனவக் குப்பங்களில் எந்தக் கோயிலில் கூத்து நடந்தாலும் ஆர்மோனியப் பெட்டிக்குப் பின்னால் நீ இருப்பாய். பிறகு கடலுக்குப் போன விசைப்படகில் வலை இழுக்கும் இயந்திரம் உன் இடது கையைப் பிடித்துக்கொண்டது. கட்டைவிரலும் உள்ளங்கையும்தான் மிஞ்சின. துருத்தியை அசைத்தால் அரைப் பாட்டுக்குள் மணிக்கட்டு வீங்கிவிடும். ஒரு திருவிழாவில் அப்படியும் வாசித்தாய். முடிந்ததும் எல்லோரும் வந்து உன் கையைப் பிடித்துப் பார்த்துக் கண்கலங்கினார்கள். பாட்டைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. அதன் பிறகு நீ பெட்டியைத் திறக்கவில்லை. நான் துருத்தி போடுகிறேன் என்றேன். "எனக்கு மூச்சு வுட நீ யார்ரா?" என்று கேட்டாய்.

எண்பதுகளின் கடைசியில், கப்பலில் வேலை பார்த்த உன் மைத்துனன் ஒரு கம்ப்யூட்டர் கொண்டுவந்தான். அந்த விசைப்பலகைதான் கம்ப்யூட்டர். டிவியோடு இணைத்தால் எழுத்தும் ஒலியும் டிவியில் வரும். விசைகளை ஸ்வரங்களாக மாற்றும் வழி அதோடு வந்த புத்தகத்தில் இருந்தது. தட்டச்சு தெரிந்தவன் என்று என்னைக் கூப்பிட்டாய். அதிலிருந்த கட்டளைகளைப் பக்கம் பக்கமாக அடித்து, கேசட்டில் பதிந்து கொடுத்தேன். ஏ தட்டினால் ச, எஸ் தட்டினால் ரி. ஒரு கை போதும்.

"இன்னாடா இது, கொசு பாடற மாதிரி கீது" என்றாய். ஆனாலும் விடவில்லை. பொன்னேரி கோர்ட்டுக்குச் செய்தி எடுக்க வரும் நாட்களில் உன் வீட்டுக்கும் வந்து பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். உன் குறை ஒன்றுதான். "தடவுனாலும் அதே சத்தம், குத்துனாலும் அதே சத்தம். மூச்சே இல்லடா இதுக்கு."

ஒரு சாயங்காலம், வாசித்துக்கொண்டிருந்தவன் சட்டென்று இடது கையை நீட்டி, டிவியில் சத்தம் கூட்டும் திருகைக் கட்டைவிரலுக்கும் உள்ளங்கைக்கும் நடுவில் பிடித்தாய். வலது கை தட்டத் தட்ட, இடது கை திருகை ஏற்றி இறக்கியது. ஒலி மெல்ல எழுந்து, நிறைந்து, அடங்கியது. மூச்சு வந்துவிட்டது.

வெளியே வலை பின்னிக்கொண்டிருந்தவர்களின் பேச்சு நின்றது.

"டிவில இன்னா ப்ரோக்ராம்பா? யாரு வாசிக்கறது?"

"மெட்ராஸ் வித்வானா இருப்பாரு. நம்ம பக்கம் இப்டி வாசிக்க ஆள் ஏது இப்போ?"

மீன் கழுவிய கையோடு திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் வந்து நின்ற அண்ணி, "யோவ், அத்த நிறுத்திடாத. நல்லா கீது" என்றார்.

நான் எழுந்தேன். தலையை ஆட்டி என்னைத் தடுத்தாய். பாட்டை முடித்து, டிவியை அணைத்துவிட்டு, "ப்ரோக்ராம் முடிஞ்சிச்சு" என்று வெளியே குரல் கொடுத்தாய். பிறகு என்னிடம் மெதுவாக, "சொல்லாத. கையப் பாத்துட்டாங்கன்னா ஐயோ பாவம்னுதான் கேப்பாங்க. இன்னிக்குத்தான் பாட்டக் கேட்டாங்க" என்றாய்.

அதற்குப் பிறகு நீ வாசித்து நான் கேட்டதில்லை. கேட்கும்போதெல்லாம் "அது ரிப்பேருடா" என்பாய். விசைகள் தேய்ந்திருப்பதைப் பார்த்தால், நானும் அண்ணியும் இல்லாதபோது நிறைய வாசித்திருக்கிறாய்.

இன்று அண்ணி பேச்சோடு பேச்சாக ஒன்று சொன்னார். "ஒரு தபா டிவில ஒருத்தர் பெட்டி வாசிச்சாரே தம்பி, ஞாபகம் கீதா? அப்பால வரவே இல்ல. அவர் எப்ப வருவார்னு உங்க ஃப்ரெண்ட கேட்டுக்கினே இருப்பேன். அடுத்த வாரம் வருவாரு பாருன்னுவாரு. ஆஸ்பத்திரில கூட அப்டித்தான் சொன்னாரு."

எனக்குத் தெரிந்தும் நான் யாரிடமும் சொல்லாத செய்தி இது. இதற்கு ஒரே சாட்சி நான். நீ சொன்ன "சொல்லாத" இன்னும் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை உன் பதினாறாம் நாள் காரியம். காலையிலேயே வரச் சொல்லியிருக்கிறார். அந்த வித்வானைப் பற்றி அண்ணி மறுபடி கேட்டால் என்ன சொல்வேன் என்பது அன்றைக்குத்தான் தெரியும்.